பாட்டுக்காகப் போட்ட செட், புகைப் பரிசோதனையில் நின்ற கார்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தக் குறிப்பில் வரும் கார், ஜப்பானில் சில வருடங்கள் ஓடிவிட்டு ரீகண்டிஷனாக இலங்கைக்கு வந்த 1000 சிசி பெற்றோல் வண்டி. ஓட்டோ கியர். உரிமையாளர் கல்லடியில் இருக்கும் ஒரு ரீச்சர். அவர் படிப்பிக்கும் பாடசாலை களுவாஞ்சிகுடிப் பக்கம் என்பதால் கிழமை நாட்களில் கார் ஏ4 வீதியில் போய்வரும். சனி, ஞாயிறு பெரும்பாலும் முற்றத்தில்தான் நிற்கும். அதுவரை ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனையில் சிக்கலில்லாமல் தேறி வந்த வண்டி.

ஜப்பான் கார்களில் றேடியோ ஒரு பழைய தலையிடி. அங்கே எப்.எம். அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. அந்தக் காலத்துச் செட்டுகள் 90உடன் நின்றுவிடும். நம் நாட்டு நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்து கிடக்கின்றன. கம்பனி பொருத்திய செட்டில் ஒன்றிரண்டு நிலையங்கள் கேட்டாலே அதிகம், திரையிலும் ஜப்பான் எழுத்துத்தான். அதனால் செட் மாற்றுவது இங்கே வழமையாகிவிட்டது. மாற்றுபவர்களில் எந்தப் பிழையும் இல்லை.

ரீச்சரின் மகன் இணையத்தில் ஓர் அன்ட்ரொயிட் செட்டும் பின்பக்கக் கமெராவும் எடுத்தார். மாரி தொடங்குமுன் ஓர் அக்சசரி கடையில் கொடுத்துப் பொருத்தினார்கள். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. பாட்டு நன்றாகக் கேட்டது, கமெராவும் தெளிவாகத் தெரிந்தது. வண்டி ஓடும்போதும் வீடியோ தெரிகிற மாதிரிச் செய்து தரும்படி மகன் கேட்டிருக்கிறார், கடையிலும் செய்து கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக வரும்.

உரிமையாளர் கண்டவை

முதலில் வந்தது பற்றரிப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை நிறுத்திய கார் திங்கள் காலை ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து வயர் கொடுத்து எழுப்பினார்கள். அடுத்தடுத்த வாரங்களிலும் இதே கதை. கடைசியில் யாரோ ஒருவர், இரவில் பற்றரியின் எர்த் முனையைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் பூட்டினால் சரி என்று சொல்லிக் கொடுத்தார். ரீச்சர் அதைப் பழக்கமாக்கிக்கொண்டார். நம் பகுதியில் பலர் செய்கிற வேலை இது. அன்றைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் கோளாறை யாரும் தேடுவதில்லை.

அதற்கிடையில் செக் எஞ்சின் லைட் எரியத் தொடங்கியது. உள் விளக்கு எரியாமல் போனது. வேகம் எடுத்ததும் தானாகப் பூட்டுகிற கதவுகள் பூட்டுவதை விட்டன. சந்தியில் பிரேக் பிடித்து நிற்கும்போது எஞ்சின் ஒரு தரம் ஏறி இறங்கி, அணைந்துவிடுமோ என்கிற மாதிரித் தள்ளாடும். ஸ்பீட் மீற்றர் மட்டும் சரியாக வேலை செய்தது. இந்த ஒரு குறிப்பு பின்னர் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

முதல் புகைப் பரிசோதனை

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் நெருங்கியது. வாகனப் புகைப் பரிசோதனை இலங்கையில் 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் பத்திரம் எடுக்க முடியாது. பெற்றோல் வண்டியென்றால் புகைக் குழாயில் குழல் விட்டு, ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் சும்மா ஓடும்போது) ஒரு தடவையும் நிமிடத்துக்குச் சுமார் 2500 சுற்றில் ஒரு தடவையும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளப்பார்கள்.

ரீச்சர் காலையிலேயே பற்றரி முனையைப் பூட்டிக்கொண்டு நேராகப் பரிசோதனை நிலையத்துக்குப் போனார். வீட்டிலிருந்து சில நிமிட ஓட்டம்தான். வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். முடிவு தோல்வி. ஐடிலில் இரண்டு வாயுவும் எல்லை தாண்டியிருந்தன. 2500 சுற்றில் இரண்டும் எல்லைக்குள் இருந்தன.

அங்கிருந்து ஒரு கராஜுக்குப் போனார். ஸ்கேனரைச் செருகினார்கள், ஸ்கேனர் எழும்பவேயில்லை. ஈசியு (எஞ்சினை நடத்தும் கணினி) போய்விட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று எடுத்துப் போடவேண்டும், கூடவே புகையில் ஒட்சிசனை அளக்கும் சென்சரையும் மாற்றுவது நல்லது என்றார்கள். தொகையைக் கேட்ட ரீச்சர் இன்னொருவரிடமும் காட்டிப் பார்ப்போம் என்று எங்களிடம் வந்தார். நாங்கள் நகரில் ஓட்டோ எலெக்ரிக் வேலை செய்கிறோம்.

ஏன் செட்டிலிருந்து தொடங்கினோம்

எஞ்சின் மூடியைத் திறக்கமுன் பரிசோதனைச் சீட்டைத்தான் வாங்கிப் பார்த்தேன். தோற்ற சீட்டை ஆத்திரத்தில் கசக்கி எறிபவர்கள் உண்டு. எறியக் கூடாது, நோயை முதலில் சொல்வதே அந்தச் சீட்டுத்தான். புகையைச் சுத்தம் செய்யும் கட்டாலிக் கன்வேட்டர் செத்துப்போயிருந்தால் 2500 சுற்றிலும் எண்கள் கெட்டிருக்கும். ஒட்சிசன் சென்சர் ஒரே பக்கமாக நின்று பெற்றோலைக் கூட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டு அளவிலும் தெரியும். ஐடிலில் மட்டும் கெட்டு, சுற்று ஏறியதும் தெளிகிறது என்றால் இரண்டு சந்தேகம் முன்னுக்கு வரும்: எஞ்சினும் கன்வேட்டரும் சூடேறவில்லை, அல்லது ஐடில் ஒழுங்காக நிற்கவில்லை. கன்வேட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸுக்கு வந்தால்தான் வேலை தொடங்கும். வரிசையில் அணைந்து நின்ற வண்டியில் அந்தச் சூடு இருந்திருக்காது.

அடுத்து ரீச்சரிடம், இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். மாரிக்கு முன்னம் என்றார். அந்த நேரத்தில் வண்டியில் என்ன வேலை செய்தீர்கள் என்றதும் செட் பூட்டியதைச் சொன்னார்.

“பாட்டுக் கேக்கத்தானே தம்பி போட்ட நாங்கள், எஞ்சினுக்கும் அதுக்கும் என்ன?”

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் பற்றரி இறங்குவது, உள் விளக்கு, கதவுப் பூட்டு, எஞ்சின் லைட், ஸ்கேனர் எழும்பாதது என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து கோளாறுகள் ஒரே காலத்தில் வந்தால், அவை ஐந்தும் சந்திக்கிற இடத்தைத் தேடவேண்டும். இந்தக் காரில் அந்த இடம் டாஷ்போர்டுக்குப் பின்னால், செட்டின் முதுகில் இருந்தது. ஆகவே மூன்று முடிவுகள் எடுத்தோம். ஈசியு, சென்சர் எதையும் இப்போது மாற்றுவதில்லை. பற்றரி முனையைக் கழற்றி லைட்டை அணைக்கும் வேலையும் செய்வதில்லை, பதிவாகியிருக்கும் கோளாற்றுக் குறி எங்களுக்கு வேண்டும். செட்டை வெளியே எடுத்து, அது இல்லாமல் வண்டி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது.

செட்டைக் கழற்றியதும்

காரின் சொந்தக் கொனெக்டர்களை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை நேரடியாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, தொட்டால் கையில் ஒட்டியது. ஒரு முடிச்சைப் பிரித்தபோது உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடிக் காற்றில் டேப் சுற்றிய முடிச்சு ஒரு மாரியைத் தாங்காது.

முதல் கோளாறு மஞ்சளும் சிவப்பும். பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் வேண்டும் நினைவுக்கானது, சிவப்பு திறப்பைத் திருப்பினால் மட்டும் வரவேண்டிய உயிர், அதாவது மின். இங்கே இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர லைனில் கொடுத்திருந்தார்கள். திறப்பை எடுத்தாலும் செட் அணையாது, பட்டனை அழுத்தித் திரையைத்தான் அணைக்கலாம். “திறப்பு எடுத்தாலும் பாட்டுப் படிக்கும் எண்டு கடையில பெருமையாச் சொன்னவங்கள்” என்றார் ரீச்சர். எல்லாக் கதவையும் பூட்டி, வண்டி உறங்கும் வரை பொறுத்து, பற்றரியின் இணைப்பு ஒரு கணமும் அறாதபடி மீற்றரைத் தொடராகப் போட்டு அளந்தோம்: மின் இழுவை 380 மில்லி அம்பியர். நல்ல வண்டியில் இது 50க்குக் கீழே நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை 60 மணித்தியாலம், கிட்டத்தட்ட 23 அம்பியர் மணி போய்விடும். இந்த மாதிரிச் சின்னக் காரின் பற்றரி 35 அம்பியர் மணி அளவில்தான் இருக்கும்.

இரண்டாவது, பியூஸ். இந்த வண்டியில் பழைய செட்டின் நிரந்தர லைனும், உள் விளக்கும், ஸ்கேனர் செருகும் ஓபிடி சொக்கற்றின் 16ஆம் முனையும் ஒரே பியூஸில் இருந்தன. வெட்டிய வயரின் வெறும் நுனி இரும்புத் தாங்கியில் உரசி அந்தப் பியூஸ் போயிருந்தது. கடைக்காரர் நிரந்தர உயிரை வேறு இடத்தில் தேடி எடுத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கவேண்டும். ஸ்கேனர் உயிர் வாங்குவது அந்த 16ஆம் முனையிலிருந்து. அங்கே 12 வோல்ட் இல்லாவிட்டால் ஈசியு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் ஸ்கேனர் எழும்பாது. ஈசியுவைக் குற்றம் சொல்லமுன் ஒரு மல்டிமீற்றரை அந்த முனையில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மற்றக் கராஜில் அதைச் செய்யாததால் ஒரு குடும்பத்தின் பெருந்தொகை வீணாகப் போகப் பார்த்தது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

மூன்றாவது தான் எஞ்சினைத் தொட்டது. பல ஜப்பான் கார்களில் செட்டின் பின்பக்கம், நவிகேஷனுக்காக ஒரு சின்னக் கொனெக்டர் வரும். ரிவர்ஸ், கைப்பிரேக், வேகத் துடிப்பு மூன்று வயரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஓடும்போது வீடியோ தெரிய வேண்டுமானால், கைப்பிரேக் போட்டிருக்கிறது என்று செட்டை நம்பவைக்க, செட்டின் பிரேக் வயரை எர்த்தில் கொடுப்பது கடைகளில் வழமை. இங்கே கைப்பிரேக் வயர் என்று நினைத்து, காரின் வேகத் துடிப்பு வயரையும் அதோடு சேர்த்து எர்த்தில் இறுக்கியிருந்தார்கள்.

அந்த வயர் செட்டுக்கு மட்டும் போவதில்லை. வேக சென்சரின் துடிப்பை ஸ்பீட் மீற்றர் வாங்கி, உள்ளே ஒரு ட்ரான்சிஸ்டர் மூலம் வெளியே விடுகிறது. எஞ்சின் ஈசியு, கதவுப் பூட்டு, நவிகேஷன் எல்லாம் அந்த ஒரே லைனைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஊர்க் கிணற்றில் ஒருவர் மண்ணைக் கொட்டினால் எல்லா வீட்டுக்கும் கலங்கல்தான். லைனின் எந்த மூலையில் எர்த் பட்டாலும் கேட்கும் எல்லாருக்கும் வேகம் பூச்சியம். டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகளில், பி0500 என்ற வேகக் கோளாற்றுக் குறியின் கீழ் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஸ்பீட் மீற்றர் மட்டும் சரியாகக் காட்டியதன் காரணமும் இதுவே. அது எர்த் பட்ட இடத்துக்கு முன்னாலேயே துடிப்பை வாங்கிவிடுகிறது.

திறப்பைப் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, காரைக் கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு அந்த வயரில் மீற்றரைப் பிடித்தோம். முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. எர்த் முடிச்சைப் பிரித்துவிட்டு மறுபடி தள்ளியபோது 0க்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் துள்ளத் தொடங்கியது. தள்ளிக்கொண்டிருந்த ரீச்சரின் மகனுக்கு அதைக் காட்டினேன். அதுவரை நம்பாமல் நின்றவர் அங்கேதான் நம்பினார்.

புகை கூடியது எப்படி

வயர் நேரடியாகப் புகையைக் கூட்டாது. நடந்தது ஒரு தொடர். எஞ்சின் ஈசியு ஓட ஓடப் பழகுகிற ஒன்று. எஞ்சினுக்குக் காற்று விடும் திரொட்டிலில் கரி படியப் படிய, ஐடில் நிற்க எவ்வளவு காற்று விடவேண்டும் என்பதைத் தானே திருத்தி நினைவில் வைத்துக்கொள்ளும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்ற கலவை நிலைக்க எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதையும் அப்படியே பழகும். இந்த மாதிரி வண்டிகளில் பற்றரி முனையைக் கழற்றினால் அந்த நினைவு அழிந்துவிடும். ரீச்சரின் காரில் அது ஒவ்வோர் இரவும் அழிந்தது. கரி படிந்த திரொட்டிலோடு, புத்தம் புதிய எஞ்சின் என்று நினைத்துக்கொண்டு ஈசியு ஒவ்வொரு காலையும் முதலிலிருந்து தொடங்கியது. அதனால் ஐடில் தாழ்ந்து தள்ளாடும். சரியாக எரியாத பெற்றோல் ஐதரோகாபனாக வெளியே வரும். வேகக் கோளாறு பதிவாகியிருந்ததால், வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பதே ஈசியுவுக்குத் தெரியவில்லை. அந்த நிலையில் ஐடிலைப் பழகுவதும் தடைப்படும். இதற்கு மேல், சூடேறாத கன்வேட்டரோடு அளவெடுப்பு.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் வண்டி தட்டுத் தடுமாறித் தேறியிருக்கும் என்பது என் கணிப்பு.

செய்த வேலை

உரசிய வயரை மூடியபின் அதே அளவுப் பியூஸைப் போட்டோம். உள் விளக்கு எரிந்தது, ஸ்கேனரும் எழும்பியது. பி0500 ஒன்று மட்டுமே பதிவில் இருந்தது. ஒட்சிசன் சென்சரை ஓடவிட்டுப் பார்த்தோம், 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் சுறுசுறுப்பாக ஏறி இறங்கியது. அதை மாற்றவேண்டிய தேவை எதுவுமில்லை.

உடைத்து விற்ற வண்டி ஒன்றிலிருந்து அதே வகைக் கொனெக்டர்களை எடுத்து, ஈயம் வைத்து ஒட்டி, ஹீட் ஸ்லீவ் போட்டு, வெட்டிய இடங்களை மறுபடி கட்டினோம். செட்டுக்கு அடப்டர் வயர் போட்டு, மஞ்சளை நிரந்தர லைனிலும் சிவப்பைத் திறப்பு லைனிலும் பிரித்தோம். வேகத் துடிப்பு வயரை எதிலும் சேர்க்காமல் தனியே மூடினோம். பிரேக் வயரைக் கைப்பிரேக் லைனிலேயே கொடுத்தோம். இனி ஓடும்போது வீடியோ வராது. மகன் முகம் சுருங்கியது உண்மை. ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே படம் ஓடவிடும் வேலையை நாங்கள் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை, அதை ரீச்சருக்கு முன்னாலேயே சொன்னேன். அவர் எங்கள் பக்கம் நின்றார்.

திரொட்டிலைக் கழுவி, கோளாற்றுக் குறியை அழித்துவிட்டு, செட்டை உடனே பூட்டாமல் கொடுத்தனுப்பினோம். பற்றரியைத் தொடாமல், வழமையான பாடசாலை ஓட்டத்தை ஒரு வாரம் ஓடும்படி கேட்டோம்.

பிறகு நடந்தது

செக் எஞ்சின் லைட் திரும்ப வரவில்லை. கதவுகள் தானாகப் பூட்டின. சந்தியில் தள்ளாட்டம் முதல் ஓரிரு நாள் கொஞ்சம் இருந்து, பின் நின்றது. அப்புறம் செட்டைப் பூட்டி மறுபடி அளந்தோம், இழுவை 22 மில்லி அம்பியர். செட் பூட்டியபின்னும் எதுவும் மாறவில்லை என்று ஸ்கேனரில் உறுதிசெய்த பிறகே பரிசோதனைக்குப் போகச் சொன்னோம். இம்முறை பாடசாலை விட்டு வரும் வழியில், எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது போனார். ஐடிலிலும் 2500இலும் தேறியது.

பரிசோதனையும் மின்சாரமும்

நம் நாட்டுப் பரிசோதனை குழாயில் வருவதை அளக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல், கோளாறை வண்டியே கண்டு பதிவுசெய்யும் ஓபிடி முறையின் இரண்டாம் தலைமுறை கட்டாயம். கலிபோர்னியாவில் 2015 முதல், 2000ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தியவையுமான பெற்றோல் கார்களில் குழாய்க்குப் பதிலாக ஓபிடி சொக்கற்றில் செருகி வண்டியின் கணினியையே கேட்கிறார்கள். ஜப்பானும் 2024 ஒக்டோபரில் புதிய வண்டிகளுக்கு அப்படி ஒரு சோதனையைத் தொடங்கியது. ரீச்சரின் கார் கலிபோர்னியாவில் நின்றிருந்தால் தேறியிருக்கவே முடியாது. சொக்கற்றில் உயிர் இல்லை, லைட் எரிகிறது, பற்றரி கழற்றியதால் சுயசோதனைப் பதிவுகள் எல்லாம் வெறுமை. செட் பூட்டிய பிறகு பரிசோதனைக் கருவி வண்டியோடு பேசமாட்டேன் என்பது அங்கே நன்கு அறியப்பட்ட தொல்லை.

புதிய வண்டிகளில் இது இன்னும் நுணுக்கமானது. வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைனிலேயே செட் இணைகிறது. அந்த லைனின் செய்தியைச் செட்டுக்கு மொழிபெயர்க்கும் மலிவான டிகோடர் ஒன்று அதைக் குழப்பினால், ஓபிடி சொக்கற்றின் 6ஆம் 14ஆம் முனைகளுக்கு இடையில் 60 ஓம் காட்டவேண்டியது மாறிக் காட்டலாம், அல்லது ஓம் சரியாக இருந்தும் செய்தி சிதறலாம். பற்றரியைக் கழற்றி 60 ஓம் பார்ப்பது முதல் படி. செட்டின் டிகோடரைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்வது இரண்டாவது.

இனி மாறுவன

இந்த வண்டிக்குப் பிறகு எங்கள் வேலை அட்டையில் ஒரு வரி சேர்ந்தது: கோளாறு தொடங்கியதற்கு முந்திய மூன்று மாதத்தில் வண்டியில் பூட்டியவை என்ன. செட், கமெரா, அலாரம், ஜிபிஎஸ் எல்லாம் இதில் அடங்கும். செட் பூட்டும் வேலைகளில் பூட்டமுன் ஒரு ஸ்கேன், பூட்டியபின் ஒரு ஸ்கேன், உறங்கும் நிலையில் மின் இழுவை அளவு ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுக்கிறோம்.

உரிமையாளர்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் காருக்கு ஏற்ற அடப்டர் வயர் இருக்கிறதா என்று கடையில் முதலில் கேளுங்கள். கொனெக்டரை வெட்ட விடாதீர்கள். வெட்டாமல் பூட்டிய செட்டை எப்போதும் கழற்றிப் பழையதைப் போட்டுப் பார்க்கலாம், வெட்டியதில் அந்த வழி அடைபட்டுவிடும். பற்றரி இறங்குகிறது என்றால் முனையைக் கழற்றிச் சமாளிக்காமல் இழுவையை அளக்கக் கொடுங்கள். பரிசோதனைக்குப் போகும் வாரத்தில் பற்றரியைத் தொடவேண்டாம். வண்டியைச் சூடேற்றிக்கொண்டு போங்கள்.

ரீச்சரின் காரில் ஒன்று மட்டும் இன்னும் மிச்சம். ஸ்டியரிங்கில் உள்ள ஒலி கூட்டும் பட்டன்கள் புதிய செட்டோடு வேலை செய்யவில்லை. அந்த வயர்களும் வெட்டப்பட்டவை. அவற்றைத் தேடிக் கட்ட ஸ்டியரிங் பக்கம் ஏர்பேக் வயர்களுக்கு அருகே கைவைக்க வேண்டிவரும். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்று ரீச்சர் சொன்னார், நாங்களும் ஒத்துக்கொண்டோம்.